தோட்டத்துப் பக்கம் கட்டிய குழாய்

கத்ரைனுக்குப் பொறாமை என்பது காலைக் காப்பி மாதிரி. உள்ளே இறங்காவிட்டால் அன்றைக்கு வேலை ஓடாது. அதற்காக ஊரையே பார்த்து வயிறெரிகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. ஆன்ட்வெர்ப் நகரத்தில், போர்கர்ஹவுட் பேட்டையில், அவளிடம் முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களைக் கேட்டால் தங்கமான மனுஷி என்பார்கள். வாடிக்கைக்காரியின் மகனுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தால் அவளே போய்க் கேக் வாங்கி வந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுப்பாள். அவளிடம் இருந்த பொறாமை மொத்தமும் ஒரே ஒருத்திக்கென்று எடுத்து வைத்திருந்தது. அந்த ஒருத்தி அவள் தங்கை கிரீட்.

எப்போது தொடங்கியது என்று கேட்டால் முடியில் தொடங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். கிரீட்டுக்குச் சீப்பே வேண்டாம், முடி தானாக வழிந்து தோளில் உட்காரும். கத்ரைனுடையது துடைப்பக்கட்டை. ஊரார் தலையையெல்லாம் திருத்தும் தொழிலுக்கு அவள் போனதே அந்த ஆத்திரத்தில்தான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்கு அவள் சிரித்ததே கிடையாது.

அப்பா போன பிறகு இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று டிராம் ஓடும் பெரிய சாலையைப் பார்த்தது. கீழே கடை, மேலே குடியிருப்பு. மற்றது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் இருக்கும் ஒரு சின்னச் சந்தின் பக்கம் பார்த்தது. நடுவில் இரண்டு குட்டித் தோட்டங்கள், இடுப்பளவு செங்கல் சுவர், அதில் ஒரு சின்னக் கதவு. "மூத்தவ நீதானே, நீயே முதல்ல எடுத்துக்கோ" என்றாள் அம்மா. கத்ரைன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பெரிய சாலை வீட்டைக் கைநீட்டிக் கேட்டு வாங்கினாள். வாசலில் டிராம் நிறுத்தம், நாளெல்லாம் ஆள் நடமாட்டம், முடி வெட்டும் கடைக்கு அதைவிட என்ன வேண்டும். "பாவம்டி கிரீட், அந்த இருட்டுச் சந்துல போய் என்ன பண்ணப் போறே" என்று தங்கையின் தோளைத் தடவிக் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கிரீட்டை முந்திவிட்டோம் என்ற திருப்தியில் அன்றிரவு சுகமாகத் தூங்கினாள்.

அந்தத் திருப்திக்கு ஆயுசு கம்மி. சந்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு நடைபாதைக் கல்லைப் பெயர்த்துவிட்டுச் சுவரோரமாகக் கொடி ரோஜா நட்டார்கள். கோடை விடுமுறை வந்தால் சந்தின் வாயில் தடுப்பை நிறுத்தி வண்டிகளை வெளியே வைத்துவிட்டு, நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் சாக்கட்டியால் தெரு முழுக்கக் கிறுக்கினார்கள். பெரிய சாலையிலோ வருஷத்துக்கு வருஷம் வண்டிகள் பெருகின. நகரைச் சுற்றி ஓடும் ரிங் சாலைக்குப் போகிற அத்தனையும் கத்ரைனின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று உறுமிவிட்டுத்தான் போயின. காலையில் ஜன்னல் விளிம்பைத் துடைத்தால் துணி கறுக்கும். கடைத் துண்டுகளை முன்பக்கம் உலர்த்துவதை அவள் என்றோ விட்டுவிட்டாள். கணவன் வேறு, மகனுக்கு மூன்று வயதில், கென்ட் நகரத்துக்காரி ஒருத்தியோடு குடிபோனான். கிரீட்டின் கணவன் ஸ்டைன் சனிக்கிழமைதோறும் குடும்பத்துக்கே துணி தேய்த்து அடுக்குகிறவன். சுவருக்கு அப்பால் அவன் சீட்டியடித்துக்கொண்டு இஸ்திரி போடுவது கத்ரைனின் சமையலறை வரை கேட்கும்.

இதையெல்லாம்கூட அவள் விழுங்கிவிட்டாள். பிள்ளைகள் விஷயத்தில்தான் விழுங்க முடியவில்லை. கத்ரைனின் மகன் வான்னஸும் கிரீட்டின் மகள் மாரிட்டும் ஒரே வகுப்பு, மூன்றாம் வகுப்பு. பெற்றோர் ஆசிரியரைப் பார்க்கிற நாளில் குடும்பத்துக்கு ஒரு நேரம் கொடுப்பார்கள். நடைவழியில் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கிக் கத்ரைன் காத்திருந்தபோது உள்ளேயிருந்து கிரீட் வெளியே வந்தாள்.

"என்னடி சொன்னாங்க டீச்சர்?"

"சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையாம்கா. உக்காரக்கூட விடல, போயிட்டு வாங்கன்னுட்டாங்க."

கத்ரைனை உட்கார வைத்தார்கள். வெகுநேரம் உட்கார வைத்தார்கள். "ரொம்ப நல்ல பையன்" என்று ஆசிரியை தொடங்கியபோதே அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ரெண்டு விஷயம் சேத்துச் சொன்னா ஒண்ணு நழுவிடுது. ஒரு கணக்குல பாதி தூரம் போறான், எங்க ஆரம்பிச்சோம்னு மறந்துடுது. ஏழாம் வாய்ப்பாடு இன்னும் நிக்கல."  வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கத்ரைன் வயிற்றில் எரிந்தது மகனைப் பற்றிய கவலை அல்ல. கவலை அப்புறம் வந்தது. முதலில் எரிந்தது, அந்த "உக்காரக்கூட விடல".

அந்த வசந்தத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து சிலர் பள்ளிக்கு வந்தார்கள். பிள்ளைகளை மடிக்கணினி முன்னால் உட்கார வைத்து, திரையில் எண்களைக் காட்டி மறைத்து, முன்னால் வந்தது எது என்று கேட்டார்கள். பெற்றோர் குழுவை நடத்தும் நயீமாதான் பள்ளி வாசலில் அதை விளக்கினாள். நயீமா ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் உள்ளவள்.

"ஒவ்வொரு பிள்ளையோட மார்க்கும் யாருக்கும் தர மாட்டாங்க. இங்க முடிவு வர நாளாகும். ஆனா வேற ஊர்கள்ல பாத்திருக்காங்க. வண்டிப் புகை ஜாஸ்தியா இருக்கிற எடத்துப் பிள்ளைங்களுக்கு, மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டே இன்னொண்ணைச் செய்யிற தெறமை கொஞ்சம் மெதுவா வளருதாம். மொத்தமா பாத்தாத்தான் அது தெரியும். என் பிள்ளைக்கு இதனாலதானான்னு ஒத்தப் பிள்ளைய வச்சுக் கேட்டா யாராலயும் சொல்ல முடியாது."

கடைசி வாக்கியம் கத்ரைனின் காதில் ஏறவேயில்லை. என் பிள்ளை மக்கு இல்லை, சாலைதான் காரணம் என்று முதலில் நெஞ்சு குளிர்ந்தது. மாரிட்டின் கெட்டிக்காரத்தனம் அப்படியொன்றும் கிரீட் பெற்றுப்போட்டது இல்லை, சந்து கொடுத்தது என்று எண்ணியபோது இன்னும் குளிர்ந்தது. மூன்றாவதாக வந்த நினைப்புதான் சுருக்கென்று தைத்தது. அந்தச் சாலையைக் கைநீட்டிக் கேட்டு வாங்கியவள் யார்?

பக்கத்தில் நின்ற கிரீட்டுக்கும் அதே நினைப்பு வந்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னாள். "அக்கா, எங்க மேல் ரூம் சும்மாத்தான் கெடக்கு. ராத்திரி மட்டும் வான்னஸ் அங்க வந்து படுத்துக்கட்டுமே. உன் வீட்ல அவன் ரூம் ரோட்டைப் பாத்துல்ல இருக்கு."

"என் பிள்ளைக்குப் படுக்க என் வீட்ல எடமிருக்கு. நீ உன் ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்து போ."

மே மாதத்தில் நயீமா காற்றை அளக்கும் குழாய்களை வீடு வீடாகக் கொடுத்தாள். விரல் பருமனில் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள், கூரை மாதிரி மடித்த ஒரு பலகைக்குள் செருகியவை. "ரோட்டைப் பாத்த ஜன்னல்லதான் மாட்டணும், தோட்டத்துப் பக்கம் மாட்டினா அளவே தப்பாயிடும். மாசம் முடியிற வரைக்கும் தொடக் கூடாது. அப்புறம் வீட்டுக்கு ஒரு புள்ளின்னு வரைபடத்துல கலர் போட்டுக் காட்டுவோம்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். அந்தப் பலகை வாடகை அறிவிப்பைப் போலவே இருந்ததால் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் "என்ன கத்ரைன், காலி பண்றியா?" என்று கேட்டார்கள். கத்ரைன் சொன்னபடியே முன்பக்கம்தான் மாட்டினாள். அதுவரை அவள் மேல் குற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு எல்லோரும் கிரீட் வீட்டுத் தோட்டத்தில் கூடினார்கள். திராட்சை வைத்த இனிப்பு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கிரீட் சொன்னாள்.

"என் குழாய் மாசம் பூரா ரோஜா வாசனையத்தான் புடிக்கப் போவுது. அக்கா, நீ உன்னோடதத் திருப்பிக் கொடுக்கிறப்ப ஒரு ஷாம்பூ போட்டு அலசிக் கொடு. பாவம், கறுத்துப் போயிருக்கும்."

ஸ்டைன் சிரித்தான். மாரிட் சிரித்தாள். வான்னஸும் சேர்ந்து சிரித்தான். கத்ரைனைக் கொன்றது அந்தக் கடைசிச் சிரிப்புதான்.

மறுநாள் திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாடிக்குப் போய்ப் பலகையிலிருந்து குழாய்களை உருவினாள். வெறும் பலகையை மட்டும் சாலைப் பக்கம் தொங்கவிட்டாள். குழாய்களைத் தோட்டத்தைப் பார்த்த சமையலறை ஜன்னல் கொக்கியில் ஒரு முடி ரப்பரால் கட்டினாள். மாசக் கடைசியில் திரும்ப எடுத்துப் பலகையில் செருகி, ஒன்றும் நடக்காதது போல நயீமாவிடம் நீட்டினாள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். வரைபடத்தில் தன் புள்ளி கிரீட்டின் புள்ளிக்குக் கீழே இருக்கக் கூடாது.

கோடை முடிந்து பள்ளி திறந்ததும் வரைபடத்தைக் கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். சுத்தமான காற்றுக்கு நீலம், அடுத்தது பச்சை, அப்படியே மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று இறங்கியது. பெரிய சாலையின் மேல்கோடியில் சிவப்பும் கறுப்புமாக அப்பிக் கிடந்தது. கத்ரைன் வீட்டுப் பக்கம் அக்கம்பக்கத்தில் செல்போன் கடை, இரவு மளிகை, பூட்டிய வீடு என்று ஒருத்தரும் குழாய் வாங்கவில்லை. அந்த நீளத்துக்கே ஒரே ஒரு புள்ளிதான், கத்ரைனுடையது. அது நீலம். சந்துக்குள் இருந்த கிரீட்டின் புள்ளி பச்சை.

"அக்கா, உன் வீட்டுக்கு முன்னால மட்டும் வண்டியெல்லாம் மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் போகுதா?" என்றாள் கிரீட்.

"காத்து எப்படி வரும்னு யாருக்குடி தெரியும். உனக்குத்தான் ரோஜா வாசனை இருக்கே, அது போதாது?"

ஸ்டைன் புகையை விரட்டுவதுபோல மனைவியின் தலைக்கு மேல் கையை வீசினான். "கிரீட், உன் காதுல வர்ற புகையையும் சேத்து அளக்கச் சொல்லவா?"

கிரீட் ஒரு மாதிரியாகச் சிரித்தாள். தோற்றுப்போனவள் சிரிக்கிற சிரிப்பு என்று கத்ரைன் எடுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவள் கத்தரி பாட்டுப் பாடியது. தலையைக் கொடுத்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம் நீலப் புள்ளியைப் பற்றிச் சொன்னாள்.

அக்டோபரில் ரிங் சாலையில் வேலை தொடங்குவதாக அறிவித்தார்கள். லாரிகளையும் பேருந்துகளையும் வேறு வழியில் திருப்பிவிட வேண்டும். இருந்ததோ இரண்டே வழி. ஒன்று கிரீட்டின் சந்து முனையை உரசிக்கொண்டு போகும் தேவாலயச் சாலை. மற்றது பெரிய சாலை. மேல்கோடி வரை போகாமல் வண்டிகள் பாதியிலேயே திரும்பிவிடும், அதாவது கத்ரைனின் வாசலோடு. காற்று ஏற்கெனவே கெட்டுக் கிடக்கும் இடத்துக்கு வண்டிகளை அனுப்ப மாட்டோம் என்று பேட்டை மன்றம் வாக்குக் கொடுத்திருந்தது. வரைபடத்தைப் பார்த்தார்கள். தேவாலயச் சாலையில் எல்லாம் மஞ்சள். கத்ரைன் வீட்டுப் பக்கம் நீலம். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

முடி வெட்ட வந்த நயீமா கண்ணாடியில் கத்ரைனின் முகத்தைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னாள். "சத்தம் இருக்கும்தான். ஆனா நல்லவேளை, உங்க பக்கம் காத்து சுத்தமா இருக்கு, கொஞ்சம் தாங்கும். இதே தேவாலயத்துப் பக்கம்னா பிள்ளைங்க கதி என்னாகும் சொல்லுங்க."

கத்ரைன் வாயைத் திறந்தாள். "முன்னால இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வெட்டத் தொடங்கினாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் அந்த வாக்கியம் மாலைக்குள் சந்துக்குப் போகும், கிரீட் அதை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஷாம்பூ போடுவாள்.  லாரிகள் வந்தன. சீப்புகள் நின்ற கண்ணாடிக் குவளை நாளெல்லாம் கிணுகிணுத்தது. வான்னஸின் அறை ஜன்னலுக்கு நேர் கீழே சிக்னல் விளக்கு, அதில் நின்று கிளம்புகிற ஒவ்வொரு வண்டியும் அவன் கட்டிலைப் பார்த்துத்தான் புகை விட்டது. ஜன்னலை அடைத்துத் துணி செருகினாள். காலையில் துணியும் கறுத்திருந்தது.

நவம்பரில் ஒரு சாயங்காலம். சமையலறை மேசையில் வான்னஸ் ஏழாம் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நாலேழு வரை வந்தான், நின்றான். திரும்ப முதலிலிருந்து வந்தான், அங்கேயே நின்றான். கத்ரைன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, "மாரிட் இதை எப்பவோ முடிச்சுட்டா" என்றாள். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, வாயில் இருந்தது வந்துவிட்டது.

பையன் அழவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டான்.

"அம்மா, மாரிட் தலைக்குள்ள நிறைய எடம் இருக்கா? என் தலைக்குள்ள எடமே இல்லையா?"

கத்ரைன் கத்தியை வைத்தாள். எதிரே ஜன்னல் கொக்கியில் அந்த முடி ரப்பர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தன் கையாலேயே தன் பிள்ளை தலையில் மண்ணை அள்ளிப் போட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. எழுந்து மாடிக்குப் போனாள். வான்னஸின் தலையணையையும் போர்வையையும் சுருட்டி எடுத்து வந்து, அவன் கையைப் பிடித்துத் தோட்டத்துச் சுவர்க் கதவைத் திறந்தாள்.

கிரீட் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மாடிக்கு ஓடியதும் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "என்னக்கா இது, உன் வீட்டுக் காத்துதான் என் வீட்டுக் காத்தைவிட ஒசத்தியாச்சே."

"குழாயைப் பின்னால தோட்டத்துப் பக்கம் கட்டினேன்டி."

இதைச் சொல்ல அவளுக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. சிரிப்பு வரும், ஷாம்பூ வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கிரீட் தன் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். கத்ரைனும் பார்த்தாள். இரண்டு தோட்டங்களையும் தாண்டிக் கத்ரைன் வீட்டு ஜன்னலும் கொக்கியும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தன. இருவரும் நின்ற அந்த இடத்தில்தான் கிரீட் தினமும் பாத்திரம் கழுவுவாள்.

"தெரியும்கா" என்றாள் கிரீட். "மாசம் பூரா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மொதல்ல சிரிப்பா வந்துச்சு. ஆடட்டும், ஒருநாள் மானம் போகும்னு இருந்தேன்."

"லாரி முடிவானப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

கிரீட் துணியை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். "சொல்லியிருந்தா எங்க முனைக்குல்ல வந்திருக்கும். மாரிட் தெனம் அந்த வழியாத்தான் போறா. அதான் வாயை மூடிக்கிட்டேன். அதுமட்டும் இல்ல. அம்மா உன்னைத்தான முதல்ல எடுத்துக்கச் சொன்னா. என்னை இருட்டுல தள்ளிட்டு என் தோளத் தடவிக் கொடுத்தியே, அது எனக்கு மறக்கல."

 இத்தனை வருஷமும் பொறாமை தன் பக்கம் மட்டும்தான் என்று கத்ரைன் நினைத்திருந்தாள். அதிலும் கிரீட் சளைத்தவள் இல்லை. அதைக் கேட்டு, வெட்கமில்லாமல், அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"நயீமாகிட்ட நான் சொல்லிடறேன்" என்றாள்.

"நானும் வர்றேன். நீ மட்டும் போனா உன் தலையில கட்டிடுவாங்க."

பேட்டை மன்றக் கூட்டத்தில் இருவரும் எழுந்து நின்று சொன்னார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார். நயீமா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டு, "வழிப் பலகையெல்லாம் வச்சாச்சு. அடுத்த மே மாசம் திரும்ப அளப்போம். அதுவரைக்கும் லாரி இதே வழிதான்னு மன்றத்துல சொல்றாங்க" என்றாள். அவள் மகனும் அதே பள்ளிதான். அதன் பிறகு முடி வெட்ட அவள் வேறு கடைக்குப் போனாள்.

குளிர்காலம் முழுக்க வான்னஸ் சாயங்காலம் தலையணையை இடுக்கிக்கொண்டு சுவர்க் கதவைத் தாண்டினான். முதலில் படுக்க மட்டும் போனான். பிறகு வீட்டுப்பாடத்துக்கும் அங்கேயே போனான். கத்ரைன் சாலைப் பக்கத்து அறையில், அவன் கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். அந்தப் புகை யாராவது ஒருத்தர் மூக்கில் ஏறித்தான் ஆக வேண்டும் என்பது போல.

ஏப்ரலில் ஒருநாள் அவள் சமையலறையில் கடைத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பால் வான்னஸின் குரல் கேட்டது. நாலேழைத் தாண்டியது. ஐந்தேழு, ஆறேழு, நிற்காமல் பத்தேழு வரை போனது. காற்றா, தூக்கமா, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மாரிட்டா, அல்லது அவனுக்கே அதற்கு வயது வந்துவிட்டதா, கத்ரைனுக்குத் தெரியாது. நயீமாவைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வாள்.

"சித்தி, திரும்பச் சொல்லவா?" என்றான் பையன்.

"சொல்லுடா ராஜா" என்றாள் கிரீட்.

முதலில் சித்தியிடம்தான் சொல்லியிருக்கிறான். கத்ரைனின் வயிறு பழைய இடத்திலேயே, பழைய மாதிரியே எரிந்தது. ஜன்னலைத் திறந்து அவன் பெயரைக் கூப்பிட ஒரு கணம்தான் ஆகியிருக்கும். கை கொக்கி வரை போனது. கூப்பிடவில்லை. அப்படியே நின்று, இரண்டாம் முறையும் பத்தேழு வரை முழுசாகக் கேட்டாள்.